கட்சி சாரா வாக்காளர் பதிவு: அமெரிக்காவில் எந்த மாநிலம் எப்படி?

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கையில் எடுக்கும் நம்மவர்கள் பலர் தயங்கி நிற்பது ‘கட்சி’ என்ற கட்டத்தில்தான். டெமாக்ரடிக் கட்சியில் சேரவும் மனமில்லை, ரிபப்ளிகன் கட்சியில் சேரவும் மனமில்லை. கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் கசப்பு கூடுதல். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365–65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் தன் வடிவத்தை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியது. இரண்டையும் இணைத்து ஒரே சட்டமாக்குவதுதான் பாக்கி. அதை யாரும் செய்யவில்லை. அந்தக் காங்கிரஸின் (இரு சபைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) காலம் முடிந்தது, மசோதாவும் செத்துப்போனது. இரண்டு கட்சிகளும் ஆதரித்த ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், எந்தக் கட்சிக்கும் பெயர் கொடுக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024-இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் தங்களைக் கட்சி சாராதவர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டத்தில் ‘கட்சி இல்லை’ என்று நிரப்புபவருக்கு ஒவ்வொரு மாநிலமும் என்ன தருகிறது என்பதைத்தான் இங்கே ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பிட்டிருக்கிறோம். நம்மவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களை முதன்மையாக எடுத்துக்கொண்டோம்.

நவம்பர் பொதுத் தேர்தலில் எந்த மாநிலத்திலும் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லா வேட்பாளர்களும் உங்கள் வாக்குச்சீட்டில் இருப்பார்கள், யாருக்கும் போடலாம். வேறுபாடு, கட்சிகள் நவம்பருக்கான தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலான ப்ரைமரியில்தான். ‘அது கட்சிக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன’ என்று விட்டுவிட முடியாது. பெரும்பாலான காங்கிரஸ் தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே ப்ரைமரியில் ஜெயிப்பவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். ப்ரைமரிச் சீட்டு கிடைக்காதவருக்கு அந்தத் தொகுதியில் உண்மையான வாக்கே கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கலிஃபோர்னியாவுக்கு 3.5. சேவை நல்லது, படிவம் மோசம். 2010-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 14-ஆம் முன்மொழிவின்படி கவர்னர், செனட்டர், காங்கிரஸ், சட்டமன்றப் பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்; முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். இதனால் கட்சி சாராதவருக்கு இந்தப் பதவிகளில் இழப்பே இல்லை. ஆனால் அந்த இருவரும் ஒரே கட்சியாகவும் இருக்கலாம். 2016 செனட் தேர்தலில் கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ் இருவருமே டெமாக்ரட்கள். அப்படிப்பட்ட நவம்பரில் வேறு பெயரை எழுதிப் போடவும் வழியில்லை.

சிக்கல் படிவத்தில் இருக்கிறது. கட்சிப் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் வருவதால் ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்ற பெயர் முன்னால் நிற்கும். இண்டிபெண்டன்ட் என்று கண்ணில் பட்டதும் பலர் அதை டிக் செய்துவிடுகிறார்கள். அது ஒரு கட்சி. இன ஒதுக்கலை ஆதரித்த அலபாமா முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸின் 1968 அதிபர் போட்டிக்காக உருவானது. 2016-இல் அதில் ஐந்து லட்சம் பேர் அளவுக்குப் பதிவாகியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அவர்களில் ஒரு பகுதியினரிடம் கேட்டபோது, நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தாங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கட்சிப் பெயரில் அந்தச் சொல்லைத் தடுக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் 2019-இல் கவர்னர் நியூசம் கையெழுத்திட மறுத்தார். ஆகவே கவனம் உங்கள் பொறுப்பு. நீங்கள் டிக் செய்ய வேண்டியது ‘நோ பார்ட்டி / நன்’ என்ற பெட்டியை மட்டும். அது கட்சிப் பட்டியலுக்குள் இருக்காது, தனியாக இருக்கும். ‘அதர்’ என்ற கோட்டில் எதையும் எழுதாதீர்கள்.

அதிபர் ப்ரைமரிக்கு வேறு விதி. கட்சி சாராதவருக்குத் தபாலில் வரும் சீட்டில் அதிபர் பகுதியே இருக்காது. டெமாக்ரடிக் சீட்டு வேண்டுமென்றால் கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) அனுப்பும் அஞ்சலட்டையில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது கவுன்ட்டி அலுவலகத்தில் கேட்க வேண்டும். தவறவிட்டவர்கள் தபாலில் வந்த சீட்டை நிரப்பாமல் வாக்குச்சாவடிக்கு எடுத்துப்போய் மாற்றிக்கொள்ளலாம். இதனால் உங்கள் பதிவு மாறாது. ரிபப்ளிகன் அதிபர் சீட்டு மட்டும் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கே. 2020-இலும் 2024-இலும் இதுதான் நிலை. அஞ்சலட்டையை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

நியூ ஜெர்சிக்கு 2.5. எடிசன், பிஸ்கேட்டவே பக்கம் இருப்பவர்கள் இதை முழுமையாகப் படியுங்கள். கட்சி சாராதவர் ஜூன் ப்ரைமரி அன்று நேரில் போய், சாவடியிலேயே ஒரு கட்சியை அறிவித்துக் கையெழுத்திட்டு வாக்களிக்கலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தோடு நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினராகப் பதிவாகிவிடுகிறீர்கள். திரும்பவும் கட்சி சாராதவராக வேண்டுமானால் ‘பொலிட்டிகல் பார்ட்டி அஃபிலியேஷன் டிக்ளரேஷன்’ படிவத்தை நிரப்பி முனிசிபல் கிளார்க்குக்கோ கவுன்ட்டியின் பதிவு அலுவலருக்கோ அனுப்ப வேண்டும். வாக்களித்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் மறந்துபோகும், அடுத்த ஆண்டு மற்ற கட்சியின் ப்ரைமரியில் வாக்களிக்க நினைக்கும்போதுதான் ஞாபகம் வரும். ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற ப்ரைமரிக்கு 55 நாள் முன்பே, அதாவது ஏப்ரல் நடுவிலேயே, கெடு முடிந்துவிடும். தபால் வாக்குப் பட்டியலில் பெயர் இருந்தாலும் கட்சியை அறிவிக்காதவருக்கு ப்ரைமரிச் சீட்டு தானாக வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இதே மாநிலத்தில் 21 கவுன்ட்டிகளில் 19-இல், கட்சித் தலைமைக்குப் பிடித்தவர்களை ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களைச் சீட்டின் ஓரத்துக்குத் தள்ளும் ‘கவுன்ட்டி லைன்’ முறை இருந்தது. செனட் வேட்பாளராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் ஃபெடரல் நீதிமன்றம் அந்த ஆண்டு டெமாக்ரடிக் ப்ரைமரிக்கு அதைத் தடுத்தது. 2025-இல் சட்டமும் மாறியது. நியூ ஜெர்சியில் ப்ரைமரி வாக்குக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருப்பதால், ஒரு படிவத் தொந்தரவைப் பொறுத்துக்கொண்டு சாவடிக்குப் போவதே சரி என்பது எங்கள் கருத்து.

நியூயார்க்குக்கு 1. கட்சியில் இல்லாதவருக்கு ப்ரைமரியில் கதவு அடைப்பு. ஏற்கெனவே பதிவானவர் கட்சி மாறவோ சேரவோ விரும்பினால் பிப்ரவரி 14-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், ப்ரைமரியோ ஜூனில். யார் போட்டியிடுகிறார்கள் என்று மக்கள் கவனிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்னமே கெடு முடிந்துவிடுகிறது. நியூயார்க் நகரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வெளியே நிற்கிறார்கள். மேயரைத் தேர்ந்தெடுப்பதில் டெமாக்ரடிக் ப்ரைமரிக்கு எவ்வளவு எடை என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது புரியும். குவீன்ஸில் இருப்பவர்கள் கொள்கைக்காகக் கட்சியைத் தவிர்ப்பதா, வாக்குக்காகச் சேர்வதா என்பதைப் பிப்ரவரிக்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

பென்சில்வேனியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் 1.5. இரண்டும் அடைத்த ப்ரைமரிகள்தான். மாறும் கெடு கொஞ்சம் தாராளம்: ப்ரைமரிக்குப் பென்சில்வேனியாவில் 15 நாள் முன்பு வரை, ஃப்ளோரிடாவில் 29 நாள் முன்பு வரை. ‘நமக்குச் சீட்டே இல்லை’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் மக்களிடம் நேரடியாக வாக்குக்கு விடப்படும் பொதுக் கேள்விகளுக்கும் இடைத்தேர்தலுக்கும் ப்ரைமரி நாளிலேயே நீங்கள் வாக்களிக்கலாம். ஃப்ளோரிடாவில் ஆகஸ்ட் சீட்டில் நீதிபதிகளும் பள்ளி வாரியமும் இருக்கும். குழந்தைகள் படிக்கும் வீட்டுக்கு அதைவிட முக்கியமான வாக்கு குறைவு. ஒரு பதவிக்கு எல்லா வேட்பாளர்களும் ஒரே கட்சியாக இருந்து, நவம்பரில் எதிர்ப்பே இல்லையென்றால் அந்த ப்ரைமரியில் எல்லாரும் வாக்களிக்கலாம் என்றும் ஃப்ளோரிடாவில் விதி உண்டு. ஆனால் பெயரை எழுதிப்போடும் வகை வேட்பாளராக யாரோ ஒருவர் பதிவு செய்துவிட்டால் போதும், அதை ‘எதிர்ப்பு’ என்று கணக்கில் எடுத்து ப்ரைமரியை மூடிவிடுவார்கள். தெரிந்தே பயன்படுத்தப்படும் ஓட்டை இது.

டெக்சஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா, இல்லினாய், மிச்சிகன் மாநிலங்களில் படிவத்தில் கட்சிக் கட்டமே கிடையாது. டெக்சஸுக்கு 3. ஆன்லைனில் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அச்சிட்டுக் கையெழுத்திட்டுத் தேர்தலுக்கு 30 நாள் முன்பு அனுப்ப வேண்டும். மார்ச்சில் எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினீர்களோ, மே ரன்ஆஃபிலும் (யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்று) அதே கட்சிதான். மார்ச்சில் போகாதவர் ரன்ஆஃபில் எதையும் எடுக்கலாம். அதோடு, ப்ரைமரியில் வாக்களித்தவர் அந்த ஆண்டு சுயேச்சை வேட்பாளரின் மனுவில் கையெழுத்திட முடியாது. உண்மையிலேயே ஒரு சுயேச்சையை நிறுத்த நினைக்கும் குழு இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

வட கரோலைனாவுக்கு 4. கட்சி சாராதவர்கள் 2022 முதல் அங்கே மிகப் பெரிய பிரிவு. ப்ரைமரி அன்று சீட்டைத் தேர்ந்தெடுத்து வாக்களித்துவிட்டு, அதே பதிவோடு திரும்பலாம். கேரி, மோரிஸ்வில் குடும்பங்களுக்கு இது எங்கள் பரிந்துரை.

கொலராடோவுக்கு 4.5. 2018 முதல் இரு கட்சிகளின் சீட்டுகளும் ஒரே உறையில் வீட்டுக்கு வருகின்றன. ஒன்றை மட்டும் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் நிரப்பி அனுப்பினால் இரண்டும் செல்லாது. கணவன் மனைவி சீட்டுகளை மேசையில் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லா மாநிலத்துக்கும் பொதுவான சில விஷயங்கள். தேசிய தபால் படிவத்தில் கட்சிக்கான கட்டம் 7-ஆவது. அங்கே என்ன எழுத வேண்டும் என்பது பின்னால் உள்ள மாநிலக் குறிப்பில் இருக்கும். ‘இண்டிபெண்டன்ட்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அந்தச் சொல் கொண்ட கட்சிகள் ஃப்ளோரிடாவிலும் ஓரிகனிலும்கூட இருந்திருக்கின்றன. அனுப்பி மூன்று வாரம் கழித்து மாநிலத்தின் வாக்காளர் நிலை பார்க்கும் பக்கத்தில் கட்சி என்ற வரியைச் சரிபாருங்கள். டிஎம்வியில் (ஓட்டுநர் உரிம அலுவலகம்) லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பதிவு செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்: 2018-இல் கலிஃபோர்னியா டிஎம்வியின் பிழையால் ஆயிரக்கணக்கானோரின் பதிவில் தவறு நேர்ந்தது, கட்சி விருப்பம் மாறிப்போனதும் அதில் அடக்கம்.

ஆங்கிலம் சிரமமான அப்பா அம்மாவுக்குச் சாவடிக்குள் உதவ நீங்கள் கூடப் போகலாம். ஃபெடரல் வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும்தான் உதவக் கூடாது.

இன்னும் ஹெச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு இந்த மதிப்பெண்கள் எதுவும் பொருந்தாது. டிஎம்வி கவுன்ட்டரில் ‘வாக்காளராகப் பதிவு செய்யவா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், திரையில் வந்தாலும் அதையே அழுத்துங்கள். தெரியாமல் பதிவாகிவிட்டால்கூட அது நாடுகடத்தல் வரை போகக்கூடிய சிக்கல். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம், நீங்கள் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று நேரடியாகவே கேட்கிறது. அப்படிப் பதிவாகியிருப்பது தெரிந்தால் நீங்களே ரத்து செய்யக் கடிதம் எழுதுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.