ஓசிஐ அட்டை: வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கல்லூரி வயதில் "நான் எந்த ஊர்க்காரி?" என்று தவிப்பது உண்மை. பல பெற்றோர் அதற்கு மருந்தாக நம்புவது ஓசிஐ அட்டையை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டையை. 2006இல் நடைமுறைக்கு வந்த இந்த அட்டை பயணத்துக்கு அருமையானது. உரிமை என்று பார்த்தால் பாதிதான்.

முதலில் நல்லது. ஆயுள் முழுக்க விசா. எத்தனை தடவை வந்தாலும், எத்தனை மாதம் தங்கினாலும் காவல்துறைப் பதிவு வேண்டாம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40 என்று சீட்டு வாங்கும் இடத்தில் அட்டையைக் காட்டினால் 40தான். அந்த ஒரு நிமிடம் பிள்ளையின் முகத்தில் தெரியும் மலர்ச்சிக்காகவே வாங்கலாம்.

ஆனால் ஓட்டு கிடையாது, அரசு வேலை பொதுவாகக் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஆராய்ச்சிக்கும் பத்திரிகைப் பணிக்கும் தனி அனுமதி தேவை. இதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். தாத்தாவின் கிராமத்தைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசையோடு வரும் மாணவி, அதாவது இந்த மண்ணை நெருங்க முயல்பவளே, முதலில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நீட், ஜேஇஇ இடங்களிலும் அந்த அறிவிக்கைக்குப் பின் அட்டை பெற்றவர்களுக்கு என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடமோ, வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் ஒதுக்கப்படும் கூடுதல் இடமோ மட்டுமே. முன்பே பெற்றவர்களின் உரிமையை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்தது.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து கட்டணம் 275 டாலர், சேவை மையக் கட்டணம் தனி. படம் இரண்டு அங்குலச் சதுரம். பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும், ஆனால் வெள்ளை கூடாது. கையெழுத்துப் படத்தின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. எழுதத் தெரியாத குழந்தைக்குக் கைநாட்டு.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது பெயரில். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் "கே. செல்வம்", அவருடைய பாஸ்போர்ட்டில் "கந்தசாமி செல்வம்" என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கப்படலாம். விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்து எல்லாத் தாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படிவத்தில் பிள்ளையின் பெயர் அவள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

இருபது வயதுக்கு முன் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் மூன்று மாதத்துக்குள் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் தளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. இருபது தாண்டி முதல் பாஸ்போர்ட் வாங்கியதும் அட்டையையே ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

பெற்றோரில் ஒருவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். குடியுரிமை மாறிய பிறகென்றால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழையும் தேடி இணைக்க வேண்டி வரும்.