வாளுக்கா, பெல்ட்டுக்கா: மரவேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவர் பணத்தை எதில் போடுவது?

திருவட்டாரிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். ரப்பர் தோட்டத்தில் கூலிக்கு மெஷின் வாள் (செயின்சா) பிடித்துக்கொண்டிருந்தவன், இனி சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறானாம். "அண்ணே, கையில 60,000 இருக்கு. 22 இஞ்ச் வாளா, 16 இஞ்ச் வாளா?" பணம் முழுக்க வாளுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டான். "எந்த மரம் முறிக்கப் போற மக்ளே?" என்று திருப்பிக் கேட்டேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் முறிப்பது ஒரே மாதிரி வேலை இல்லை. குலசேகரம் பக்கம் பால் வற்றிய ரப்பரை மொத்தமாக முறிப்பது தரையில் நின்று செய்கிற வேலை. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டு ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஆயினி மரத்தைக் கொப்பு கொப்பாக இறக்குவது வேறு; அங்கே பாதி நேரம் மரத்தின் மேல்தான். தென்னை மூன்றாவது கணக்கு. இவன் எடுக்கப் போவது வீட்டு மரங்கள்.

முதலில் வாள். ஆன்லைனில் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு வரும் 58 சிசி, 22 இஞ்ச் வாள் ஒரு பக்கம். பேர்பெற்ற கம்பெனியின் 32 சிசி, 16 இஞ்ச் வாள் மறுபக்கம். விலை நாலைந்து மடங்கு. சும்மா சொல்லக்கூடாது, பெரியது தரையில் நன்றாகவே அறுக்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துப் போட்டபோது ரோட்டில் கிடந்த மரங்களை அகற்ற நானும் அப்படி ஒன்றைத்தான் தூக்கினேன். இரண்டாவது வாரம் செயினுக்கு ஆயில் போகவில்லை. அதற்கான பம்பு உள்ளூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம் செயின் பிரேக். வாள் நுனியின் மேல் பாதி எதிலாவது முட்டினால் வாள் அப்படியே முகத்தைப் பார்த்து எகிறும். அப்போது செயினைச் சட்டென்று நிறுத்துவது அந்த பிரேக்தான். என் பழைய வாளில் அது பேருக்கு இருந்தது. 16 இஞ்ச் வாங்கச் சொன்னேன். பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலக்கும் அளவும் இரண்டுக்கும் ஒன்றில்லை. கம்பெனி வாளுக்கு, அவர்கள் ஆயிலையே ஊற்றினால், லிட்டருக்கு 20 மில்லி போதும். மலிவு வாள் பலவற்றுக்கு 40 மில்லி. பழக்க தோஷத்தில் மாற்றி ஊற்றி எஞ்சின் இறுகிப் போனவர்கள் உண்டு.

பேட்டரி வாளையும் கேட்டான். மரத்தின் மேல் அதுதான் சுகம். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுண்டி இழுக்க வேண்டியதில்லை. சத்தம் குறைவு, கீழே நிற்பவன் கத்துவது காதில் விழும். ஆனால் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் வாள் விலைக்கே வந்துவிடும். முதல் வருஷத்துக்கு வேண்டாம்.

இனி பெல்ட், அதாவது மரத்தின் மேல் உடம்பைக் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பெல்ட். எனக்கு இதில்தான் பேச நிறைய இருக்கிறது.

கட்டட வேலைக் கடைகளில் மூன்று வகை தொங்கும். இடுப்பில் மட்டும் கட்டுவது, முதுகில் வளையம் வைத்த முழு உடல் பெல்ட், பக்கவாட்டு வளையமும் சேர்ந்தது. முதல் வகையைக் கட்டிக்கொண்டு வேர்கிளம்பியில் ஓர் ஆயினியில் கால் வழுக்கினேன். விழுந்தது இரண்டடிகூட இருக்காது. பெல்ட் இடுப்பிலிருந்து உருவி விலா எலும்புக்குக் கீழே வந்து இறுக்கியது. கொப்பில் காலை ஊன்றி எழும்பும் வரைக்கும் மூச்சு முழுசாக உள்ளே போகவில்லை. அதற்கப்புறம் நாலு நாள் இருமினால்கூட வலி. கால் ஊன்ற கொப்பு இல்லாத இடமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது வகை, ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால், விழுந்தவனைப் பிடிப்பதற்கு நல்லதுதான். சாரத்தில் நிற்கிறவனுக்கு அது சரி. மரத்தில் நாம் விழுவதற்காகக் கட்டுவதில்லை, சாய்ந்து நின்று இரண்டு கையாலும் அறுப்பதற்காகக் கட்டுகிறோம். முதுகு வளையத்தில் கயிறு மாட்டினால் மரம் முன்னால், கயிறு பின்னால். நிற்கவும் முடியாது, தொங்கினால் மரத்தைப் பிடிக்கவும் முடியாது. வேண்டியது இடுப்பின் இருபுறமும் முன்பக்கமும் வளையம், தொடைக்குப் பட்டை உள்ள மரவேலைப் பெல்ட். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையும் வாளைத் தொடும். முடியாதவர்கள் மூன்றாவது வகையோடு ஆரம்பிக்கலாம். முதல் வகை இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கயிறு பற்றி ஒன்றுதான். மரத்தைச் சுற்றிப் போடும் கயிறு உள்ளே எஃகுக் கம்பி வைத்ததாக இருந்தால் நல்லது. அதுவும் வாள் அறவே பாயாதது இல்லை, தப்பிக்க ஒரு நொடி கொடுக்கும், அவ்வளவுதான். மேலே வாள் ஓடும்போது எப்போதும் இரண்டு கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். அமெரிக்க மரவேலை விதியும் அதையே சொல்கிறது. ஒன்று அறுந்தால் மற்றது.

காலுக்கு வருவோம். நம் ஆட்களுக்குக் கைலிதான், மிஞ்சினால் ஜீன்ஸ். சின்ன வாளின் செயினே முழு வேகத்தில் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஜீன்ஸ் அதற்கு வாழையிலை. செயின் தடுப்புக் கால்சட்டை எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்தேன். எங்கள் கூட்டத்து ஆள் ஒருவன் கொப்பு கழிக்கும்போது வாளைத் தொடைக்கு மேலே இறக்கிவிட்டான். மேல்துணியில் ஒரு சாண் கிழிசல். உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நூல், இலவம்பஞ்சு வெடித்த மாதிரி. அந்த நூல் பல்சக்கரத்தில் போய்ச் சுற்றி வாளை நிறுத்திவிட்டது. மூடியைக் கழற்றிக் குறடு வைத்துப் பிடுங்கி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. தொடையில் ஒரு சிவப்புத் தடம், அவ்வளவுதான். கால்சட்டையை அன்றே தூக்கிப் போட்டோம். வெட்டுப்பட்டதை மறுபடி போடக்கூடாது.

இதிலும் இரண்டு உண்டு: முழுக் கால்சட்டை, முன்பக்கம் மட்டும் கட்டும் மறைப்பு. நம் புழுக்கத்துக்குப் பின்பக்கம் திறந்த மறைப்பைத்தான் ஆட்கள் கழற்றாமல் போடுகிறார்கள். ஆனால் மரம் ஏறும்போது அதன் வார் கொப்பில் மாட்டும். தரைக்கு மறைப்பு, மேலே கால்சட்டை.

ஹெல்மெட்டில் தாடை வார் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பைக் ஹெல்மெட் வேண்டாம், காது கேட்காது.

தென்னைக்கு இதெல்லாம் பொருந்தாது. காலில் தளைநார் போட்டு ஏறிப் பழகியவர், மற்றவர் ஏறும் மெஷினில் காலை மாட்டும் முன்னே மண்டைக்குப் போய்விடுவார். வேகத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் அதைச் சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டும். முப்பது வயதில் புதிதாக வருகிறவருக்கு ஏறும் மெஷின்தான். கண்ணூர் செம்பேரி ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்த நின்று ஏறும் மாடல் வேகம். உட்கார்ந்து ஏறும் மாடல் மெதுவு, பயம் குறைவு. எதை வாங்கினாலும் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு சேர்த்துக்கொள்ளவும். வளைந்த தென்னைக்கு இரண்டுமே ஒத்துவராது. ஆணி வைத்த இரும்புக் கால் மட்டும் வேண்டாம். தென்னைக்குக் காயம் ஆறாது, குத்திய ஓட்டை கடைசிவரை ஓட்டைதான்.

பயிற்சி என்று வந்தால் ஆசானிடம் கற்பதா, வகுப்புக்குப் போவதா? தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி ஆறு நாள். ஏறும் மெஷினும் காப்பீடும் அதோடு சேர்ந்தே வந்தன. இப்போது எங்கே நடக்கிறது என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அது தென்னைக்கு. வாள் விற்கும் கடைக்காரர் காட்டித் தரும் அரை மணி நேரம் ஸ்டார்ட் பண்ணவும் செயின் தீட்டவும் போதும், மரம் சாய்க்கப் போதாது. அதை மூத்த ஆளிடம்தான் படிக்க வேண்டும். விழும் பக்கம் ஆப்பு மாதிரி வாய் வெட்டி, பின்னால் அறுத்து வரும்போது நடுவில் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடுவது. அறுக்காமல் விட்ட அந்தப் பகுதிதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். பழைய ஆட்களுக்கு இது கையிலேயே இருக்கிறது. பெல்ட் கட்டச் சொன்னால்தான் சிரிப்பார்கள். ஆகவே வெட்டை அவர்களிடம் கற்றுக்கொண்டு, பெல்ட் கட்டுவதை வேறு இடத்தில் கற்க வேண்டியிருக்கிறது. கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் யாரிடமும் கற்க வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏறக்கூடாது.

தம்பிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பெல்ட், கயிறு, ஹெல்மெட், செயின் தடுப்புக் கால்சட்டை முதலில். மிச்சத்தில் 16 இஞ்ச் வாள். பத்தவில்லையென்றால் வாள் அடுத்த மாதம். "வாள் இல்லாம காண்ட்ராக்டா அண்ணே?" என்று இழுத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் ஒரு புளியமரம் இருக்கிறது. வாள் என்னிடம் இருக்கு, நீ பெல்ட்டோட வா என்று சொல்லியிருக்கிறேன்.