கிளிநொச்சியில் ஒரு கோப்பை ராமென்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஆறு மேசைகளோடு நடக்கும், ஜப்பானிய நூடில்ஸ் சூப்பான ராமென் விற்கும் ஒரு கடைக்கு இந்த மாதம் இரண்டு தடவைகள் போய்வந்தேன். முதல் தடவை தனியாகப் போனேன். அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சூப்பில் அவர்களுக்கு நல்ல கை இருக்கிறது, நூடில்ஸ்தான் இன்னும் கைகூடவில்லை.

ராமென் என்றதும் எங்களிற் பலருக்குப் பைக்கற்றில் வரும் நூடில்ஸ்தான் நினைவுக்கு வரும். அது 1958இல் மொமொஃபுகு அந்தோ ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. கடையில் எலும்புச் சூப்பில் ஆக்கித் தரும் ராமெனோ அதற்கு வெகுகாலம் முன்பே, 1910 அளவில், டோக்கியோவின் அசக்குசாப் பகுதியில் பேர்பெற்றிருந்தது.

ஹக்காத்தா ஊர்ப் பாணியில் பன்றி எலும்பைக் கொதி அடங்கவிடாமல் மணிக்கணக்காக அவிப்பார்கள். கொழுப்பும் எலும்பின் பசையும் தண்ணீரோடு கலந்து சூப் வெளுத்துவிடும். பன்றி இறைச்சி சேராத வீடுகள் இங்கே அதிகம் என்பதால், இந்தக் கடையில் அதே முறையில் ஊர்க்கோழி எலும்பை அவிக்கிறார்கள். கோப்பையில் வந்த சூப் தேங்காயின் முதற்பால் போல வெண்மையாக இருந்தது. இரண்டு மிடறு குடித்ததும் உதடுகள் மெல்ல ஒட்டிக்கொண்டன. பல மணிநேரம் அடுப்படியில் நின்றவர்களின் உழைப்பு அதில் தெரிந்தது. உப்பும் மணமும் கோப்பையின் அடியில் முதலில் ஊற்றும் சோயாக் கலவையிலிருந்து வருகின்றன. அதில் இவர்கள் மாசிக் கருவாட்டை ஊறவைக்கிறார்கள். ஜப்பானியரின் கத்சுவோபுஷியும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வதுதான் என்பதால், இந்த மாற்றம் சுவையைக் கெடுக்கவில்லை. சம்பலில் மாசி இடித்துப் பழகிய எங்களுக்கு அந்த மணம் அந்நியமாகவும் இல்லை.

முட்டையைத் தனியே சொல்ல வேண்டும். சோயாவில் ஊறிய வெள்ளைக்கரு தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகியிருந்தது. நூலால் இரண்டாக அறுத்திருந்ததால் மஞ்சட்கரு சிந்தாமல், பாகுப் பதத்தில் அப்படியே நின்றது.

நூடில்ஸ் எனக்கு ஏமாற்றம். கோதுமை மாவோடு காரநீர் (சோடா உப்புப் போன்ற காரம் கரைத்த நீர்) சேர்த்துப் பிசைவதால்தான் ராமென் நூடில்ஸுக்கு அந்த மஞ்சள் நிறமும் துவளாத இழுவையும் வருகின்றன. முதல் நாள் மதியக் கூட்டத்தில், முன்கூட்டியே அவித்து வைத்ததைச் சூப்பில் போட்டுத் தந்தார்கள். பாதிக் கோப்பைக்குள் அது குழைந்துவிட்டது. இரண்டாவது தடவை மூன்று மணிக்குப் போனபோது அப்போதே அவித்துத் தந்தார்கள், வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஆகவே கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், வந்தவுடன் சாப்பிடுங்கள். சத்தமாக உறிஞ்சுவதற்கு வெட்கப்பட வேண்டாம். ஜப்பானில் அதுதான் வழக்கம். கோப்பை 1,200 ரூபாய். ஒருவருக்கு வயிறு நிறையும்.

அம்மாவோடு போனது ஒரு வெள்ளிக்கிழமை. பலகையில் ‘மரக்கறி ராமென்’ என்று இருந்ததைக் காட்டி, மச்சம் ஏதும் சேருமா என்று அம்மா கேட்டார். பரிமாறிய தம்பி மறைக்கவில்லை: “காளான் சூப்தான் அம்மா, ஆனால் சோயாவில் மாசி இருக்கு. உங்களுக்கு வெறும் சோயாவும் நல்லெண்ணெயும் விட்டுத் தரட்டோ?” அப்படியே செய்து தந்தார், அம்மா கூழ் குடிப்பது போலக் கோப்பையை இரு கைகளாலும் தூக்கிக் கடைசித் துளிவரை குடித்தார். அந்தத் தம்பியின் நேர்மை பெரிது. ஆனால் கேட்கத் தோன்றாதவர்கள் விரத நாளில் மாசியைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்; அதைப் பலகையிலேயே எழுதிவிட வேண்டும்.