மனநிலைக் குறிப்புச் செயலி: கேள்விகள் நன்று, போர்க்களம் வேண்டாம்

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவள் நான். அன்றாட மனநிலையை எழுதி வைத்தால் அடுத்த முறை பேச வசதியாக இருக்கும் என்று மருத்துவர் சொன்னதால் இந்தச் செயலியைத் தமிழில் வைத்துப் பயன்படுத்துகிறேன்.

மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 வினாத்தாளைச் சிதைக்காமல் வைத்திருக்கிறார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். தூக்கம், பசி, அசதி என்று நேராகக் கேட்பதால் குழப்பமில்லை. சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் 9ஆவது கேள்வியில் 'இல்லவே இல்லை' தவிர எதைத் தொட்டாலும் உதவி எண் உடனே திரையில் வருகிறது. இதற்காகவே பாராட்டலாம்.

மற்ற திரைகள்தான் சங்கடம். 'போராடு', 'வீழ்த்து', 'இன்று ஜெயித்தாய்'. எழ முடியாமல் படுத்துக் கிடந்த நாளுக்கு உடைந்த கேடயம் போட்டுக் காட்டுகிறது. நோயைப் போர் என்று சொல்லிவிட்டால் படுத்திருப்பவள் தோற்றவள் ஆகிவிடுகிறாள். என் அம்மா 'மனசு பாரமா இருக்காடி?' என்று கேட்பார். பாரத்தை இறக்கி வைக்கலாம், இன்னொருவர் கை கொடுக்கலாம், தூக்க முடியாவிட்டால் அது யார் குற்றமும் இல்லை. அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்திருக்கிறது.

ஜப்பானில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனச்சோர்வை 'மனதுக்கு வந்த சளி' என்று மருந்து விளம்பரங்கள் பரப்பின. யாருக்கும் வரும், வெட்கப்பட வேண்டாம் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் சளி என்றால் தானே போய்விடும் என்றும் தோன்றுமே! ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் இதை 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து பேசும் திட்டத்தில் முதல் படிக்குப் பெயரே 'மனதைத் திறப்பது'. ஜனங்கள் பேசுகிற பேச்சிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது.

இந்தச் செயலிக்கு அந்தக் காது இல்லை. சொந்தமாக எழுதும் பெட்டியில் 'நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு' என்று எழுதினேன். அதை 'உடல் வலி' பிரிவில் சேர்த்து, ஓய்வெடுக்கச் சொன்னது.

மருத்துவரிடம் காட்ட வினாத்தாளும் எழுதும் பெட்டியும் போதும். அமைப்புகளுக்குப் போய் 'ஊக்கச் செய்திகள்' என்பதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் அதை அணைத்தபடியே கொடுங்கள் என்று நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். 5க்கு 3.