கிரீன் கொச்சைமொழி அகராதி: 'ஹெல்' என்ற சொல்லை வைத்து ஒரு மதிப்புரை

ஆங்கிலப் புதினங்களையும் திரைப்பட வசனங்களையும் தமிழாக்குவோரை ஓயாமல் அலைக்கழிக்கும் சொற்களில் ஒன்று 'ஹெல்'. 'வாட் த ஹெல்' என்று எரிந்துவிழுபவனுக்கும், 'ஹெல் ஆஃப் எ பிளேயர்' என்று வியப்பவனுக்கும் நரகத்தைப் பற்றிய நினைப்பே இருப்பதில்லை. இத்தகைய இடங்களில் நான் முதலில் புரட்டுவது, பிரிட்டனைச் சேர்ந்த ஜொனாதன் கிரீன் தொகுத்த கொச்சைமொழி அகராதியை. 2010-இல் மூன்று பெருந்தொகுதிகளாக அச்சில் வந்த இவ்வகராதி 2016 முதல் இணையத்திலும் இருக்கிறது. தொடக்கத்தில் மேற்கோள்களைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. பின்னர் அதுவும் இலவசமாகிவிட்டது.

பொருள் சொல்வதோடு நில்லாமல், அந்தப் பொருளில் அச்சொல் எங்கெங்கே, எந்தெந்த ஆண்டில் எழுத்தில் ஏறியது என்பதை மேற்கோள்களோடு வரிசைப்படுத்திக் காட்டுவதே இதன் பெரும்பலம். பழைய நூல்களைக் கையாள்வோர்க்கு இதன் அருமை தெரியும். லண்டனில் ஒரு காலத்தில் சூதாட்ட விடுதிக்கு 'ஹெல்' என்றே பெயர். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையில் ஒரு சீமான் வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் 'ஹெல்'லில் கிடந்து சொத்தைத் தொலைத்தான் என்று வந்தால், அவன் சீட்டாடப் போனான் என்று பொருள். அதைவிடச் சுவையானது தையற்கடைப் பொருள். வாடிக்கையாளர் கொடுத்த துணியில் வெட்டி மிச்சம் பிடித்த துண்டுகளைத் தையற்காரர் பதுக்கிவைக்கும் இடமும் 'ஹெல்'தான். அத்துண்டுகளுக்கு 'கேபேஜ்', அதாவது முட்டைக்கோஸ், என்று பெயர். ஃபிரான்சிஸ் குரோஸ் 1785-இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே இது பதிவாகியிருக்கிறது. ரவிக்கைத் துணியில் மீதி எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

குறைகளும் உண்டு. ஒரு தொடர் எவ்வளவு காரமானது, யார் முன்னால் சொல்லலாம், யார் முன்னால் கூடாது என்பதை இவ்வகராதியிலிருந்து எளிதில் அறிய முடிவதில்லை. 'கோ டு ஹெல்' என்பதை 'நாசமாய்ப் போ' என்றும், 'வாட் த ஹெல்' என்பதை 'என்ன எழவு இது' என்றும் பெயர்த்துவிடலாம். ஆனால் அலுவலகத்தில் மேலாளர் வாயில் சாதாரணமாக வரும் இரண்டாவது தொடருக்கு 'எழவு' சற்று அதிகப்படியாகி விடக்கூடும். 'ஹெல்' என்று சொல்லக் கூசுவோர் அதன் இடத்தில் 'ஹெக்' என்பார்கள். இந்த நுட்பத்தை மேற்கோள்களைப் படித்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைய இளைஞர் வழக்குக்கு, 1999-இல் தொடங்கிய இணைய அகராதியான அர்பன் டிக்‌ஷனரியைப் பலர் நாடுகிறார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்பதால் வேகம் உண்டு, நம்பகம் குறைவு. 'மிகவும்' என்ற பொருளில் வட கலிபோர்னியாவில் வழங்கும் 'ஹெலா' போன்ற சொற்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பக்க அமைப்புக்குப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சொல்லின் பொருள்கள், அதிலிருந்து பிறந்த சொற்கள், கூட்டுச்சொற்கள், தொடர்கள் என்று அடுக்கடுக்காகப் போவதால், 'ஹெல்' போன்ற பெரிய பதிவில் தேடும் தொடர் எங்கோ அடியில் கிடக்கும். கைப்பேசியில் பார்ப்பதைவிடக் கணினியில் பார்ப்பதே வசதி. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர்க்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொழிபெயர்ப்பாளர்கள், பக்கத்தில் ஒரு பயில்வோர் அகராதியையும் திறந்துவைத்துக்கொண்டு, தயங்காமல் பயன்படுத்தலாம்.