தீபாவளிக் கழிவில் வாங்கிய ஒட்டுமாவும் குழியிலேயே முளைத்த விதைமாவும்

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஏ9 வீதியோரக் கன்றுக்கடைகளுக்குத் தனிக் களை வந்துவிடும். கோடை முழுக்கத் தூசி படிந்து கிடந்த நிழல்வலைக்குக் கீழே ஒரே பச்சை. வாணிவிழாவுக்குக் கட்டிய வாழையும் மாவிலைத் தோரணமும் வாசலில் இன்னும் தொங்கும், அதற்குள் தீபாவளிக் கழிவு, அதாவது விலைக் குறைப்பு, என்று பதாகை ஏறிவிடும், தேத்தண்ணியும் கச்சானும் கொடுத்து உபசரிக்கிற கடைகூட உண்டு. அது முடியக் கார்த்திகை, வடமாகாணத்துக்கு மரநடுகை மாதம், பள்ளிக்கூடம் சங்கம் கோயில் என்று லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்து கன்று ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தக் கடைகளுக்குள் போனால் வெறுங்கையோடு வரத் தெரியாது. செவ்வந்தியும் ரோசாவும் வாங்கிச் சாகவிட்ட கதையை விடுவோம், வேலியில் காசில்லாமல் கார்த்திகைப்பூ பூத்துக் கிடக்கிற மாதத்தில் பூங்கன்றுக்குக் காசு கொடுத்தது என் பிழை. இது மாங்கன்றுக் கதை.

2021 ஐப்பசியில் அப்படி ஒரு கழிவில் மூன்று ஒட்டுமாங்கன்று வாங்கினேன், அதாவது விதையில் முளைத்த கன்றின் அடிக்கட்டையில் நல்ல இனத்துக் கொப்பை ஒட்டி வளர்த்தவை. இனத்தில் இரண்டு கறுத்தக்கொழும்பான், ஒன்று ரி.ஜே.சி. இடுப்பளவு உயரம், தளதளவென்று செந்தளிர். அதே வருடம் ஆனி மாதம் அம்மா முள்ளியவளையில் பெரியம்மா வீட்டுக்குப் போய் மாம்பழம் தின்றுவிட்டு, கொட்டைகளைச் சீலைத்தலைப்பில் முடிந்துகொண்டு வந்து, வளவின் தெற்குப் பக்கம் நான்கு குழியில் போட்டுவிட்டிருந்தார். நான் ஒட்டுக்கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அவை ஒரு சாண் உயரத்தில் நின்றன. "உதுக்கு ஏன் காசைக் கொட்டினனி, இஞ்ச நிக்குதுதானே" என்றார். நான் சிரித்தேன். இப்போது நான்கு வருடம் முடிந்துவிட்டது, அவ்வளவு சிரித்திருக்கத் தேவையில்லை என்று படுகிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுமா மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும், விதைமாவுக்கு ஆறு, ஏழு வருடம் காத்திருக்க வேண்டும், சிலது அதற்கு மேலும் எடுக்கும். ஒட்டில் நீங்கள் கேட்ட இனம் வரும், விதையில் தாய்மரத்தின் சுவை அப்படியே வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். ஒட்டுமரம் தணிந்து படரும், கையால் ஆயலாம். விலை என்று பார்த்தால் விதைக்குச் செலவே இல்லை. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒட்டுதான் வெல்லும், நானும் இதை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆனால் வன்னியில் கன்று வைக்கிறவன் பார்க்க வேண்டியது வேறு. ஆவணி மாதம் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எதை நட்டாலும் நிற்கும். ஈரவிறகைக் குத்தினாலும் துளிர்க்கிற மாதம் அது. மார்கழியில் இரணைமடுக் குளம் வான் பாய்கிறதைப் பார்க்கச் சனம் திரளும்போது, வளவில் வைத்த கன்றும் நன்றாகத்தான் இருக்கும். தை போய் மாசி வந்தால் மழை நின்றுவிடும். சித்திரையில் இடியோடு கொஞ்சம் விழும், அதை நம்பக்கூடாது. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி, மண்ணில் இருக்கிற மிச்ச ஈரத்தையும் இலையில் இருக்கிறதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். புரட்டாதிக் கடைசி வரை இதுதான். வருடத்தில் ஏழு, எட்டு மாதம் கன்றின் உயிர் உங்கள் வாளியில் இருக்கிறது.

எனக்கு அது 2022. அந்த வருடக் கோடை யாருக்கும் மறக்காது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மோட்டர் போட எண்ணெய் இல்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனது. தோட்டத்துக்கே இறைக்க வழியில்லாதபோது மாங்கன்றுக்கு யார் இறைப்பது? கிணற்றில் கையால் அள்ளி, கன்றுக்கு இரண்டு வாளி, ஒன்றுவிட்ட ஒருநாள். முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஆடியில் கிணறு அடியைத் தொட்டது, நான்கு நாளைக்கு ஒருமுறை என்று குறைத்தேன். ஆவணி நடுவில் கறுத்தக்கொழும்பான் ஒன்று இலையெல்லாம் சுருண்டு, நின்ற நிலையிலேயே காய்ந்துபோனது.

அதைப் பிடுங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. அலவாங்கு தேவைப்படவில்லை, இரண்டு கையால் இழுக்கவே வந்துவிட்டது. பத்து மாதம் மண்ணில் நின்ற கன்றின் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே இருந்தது. அடியில் ஆணிவேர் மோதித் திரும்பி, மோதிரம்போல இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. பக்கவேர்கள் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தன, அதுவும் மேல்மண்ணில், நான் ஊற்றிய தண்ணீர் எட்டிய அளவுக்கு மட்டும். கடையில் நாள்தோறும் தண்ணீர் குடித்து, சின்னப் பைக்குள் ஒன்றோ இரண்டோ வருடம் நின்ற கன்றுக்கு ஆழத்தைத் தேடிப்போகும் பழக்கமே வரவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. பையைக் கிழித்து நடும்போது அடியில் சுற்றிய வேரைக் கத்தியால் வெட்டிவிட்டிருக்க வேண்டும், நான் மண் உதிர்ந்துவிடுமோ என்று பயந்து அப்படியே இறக்கினேன். கடைக்காரரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மாவின் விதைக்கன்றுக்கு வருகிறேன். நான்கு குழியில் மூன்று முளைத்தது, ஒன்றில் மட்டும் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு முளை. 2021 கார்த்திகையில் அந்த இரண்டில் மெலிந்ததைப் பிடுங்கினேன். மேலே ஒரு சாண் கன்று, கீழே இரண்டு சாணுக்கு மேல் நேராக இறங்கிய வேர், அதுவும் முழுதாக வரவில்லை, நுனி அறுந்து மண்ணிலேயே நின்றுவிட்டது. அப்போது அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அடுத்த ஆவணியில் செத்த ஒட்டுக்கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் இது நினைவுக்கு வந்தது.

2022 கோடையில் விதைக்கன்று மூன்றுக்கும் தண்ணீர் கொடுத்த கணக்கு இது: ஒவ்வொன்றின் பக்கத்திலும் பழைய மண்பானை ஒன்றைக் கழுத்தளவுக்குப் புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி வைத்து, நான்கு, ஐந்து நாளுக்கு ஒருமுறை பானையை நிரப்பி மூடிவிடுவது. குழியின் அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கியிருந்தார் அம்மா, மாரித்தண்ணீர் அதில் ஊறி நின்றது. மூன்றும் தப்பின. 2023 கோடைக்குப் பானையைக்கூட மாதத்தில் இரண்டு தரம்தான் நிரப்பினோம். ஒட்டில் மிஞ்சிய ரி.ஜே.சி.க்கு அந்த வருடமும் வாளி தூக்கினேன். சரி, ஒட்டுக்கன்றுக்கும் பானை புதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். தப்பியிருக்கலாம். அதை நான் செய்து பார்க்கவில்லை.

மூன்றாவது ஒட்டுக்கன்றின் கதை தண்ணீரோடு சேர்ந்ததல்ல. கட்டாக்காலி மாடு ஒன்று இரவில் படலைத் தள்ளிக்கொண்டு வந்து, அதை ஒட்டுக்குக் கீழே வரை கடித்துவிட்டுப் போய்விட்டது. பத்து நாளில் துளிர் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். துளிர் வந்தது ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையிலிருந்து. அதாவது கறுத்தக்கொழும்பான் மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது, இப்போது அங்கே நிற்பது என்ன இனம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மாடு அம்மாவின் கன்று ஒன்றையும் கடித்தது, அது தன்பாட்டுக்குத் துளிர்த்து வளர்ந்தது, அதில் இழக்க எதுவும் இல்லை. ஒட்டுக்கன்று வைத்திருப்பவர்கள் ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள், செழிப்பாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் அதுவே மரத்தை விழுங்கிவிடும்.

அப்படியென்றால் விதைமாவுக்குப் பழம் எப்போது என்று கேட்டால், இங்கேதான் நான் சாய்கிற பக்கம். விதையைக் குழியிலேயே போட்டு வளர்த்து, அதன் வேரின் மேல் நல்ல மரத்துக் கொப்பை ஒட்டிவிடுவது. 2023 தை மாதம் என் மச்சான் வந்து, பென்சில் தடிப்புக்கு வந்திருந்த இரண்டு விதைக்கன்றுகளில் ஆப்பு ஒட்டு ஒட்டினார். ஒட்டுகிறதுக்குப் பத்து நாளைக்கு முன்னரே தாய்மரத்தில் கொப்பைத் தெரிந்து, காம்பை மட்டும் விட்டு இலையை வெட்டிவிடச் சொன்னார், மொட்டு பருக்குமாம். அந்த நாளில் கன்றை முழங்காலுக்குக் கீழே வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்புப்போலச் சீவிய கொப்பை இறக்கி, பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ்பக்கற் பையைத் தொப்பிபோலக் கவிழ்த்துக் கட்டினார். ஐந்து நிமிட வேலை. மாரி ஈரம் காற்றில் இருக்கும்போது செய்தால்தான் பிடிக்குமாம், சோளகம் எழும்பிய பிறகு செய்தால் கொப்பு காய்ந்துவிடும். மூன்று கிழமையில் ஒன்றில் பைக்குள் துளிர் முட்டியது. மற்றது கறுத்துப்போனது. மச்சானும் கை வைக்கிறதெல்லாம் பிடிக்காது என்று முதலே சொல்லியிருந்தார்.

பிடித்த அந்த ஒன்று இந்த மாசியில் முதல்முறையாகப் பூத்தது. நியாயமாக முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும், அம்மா விடவில்லை. பதினொரு காய் நின்றது, நான்கைக் குரங்கு கொண்டுபோனது. ரி.ஜே.சி. போன வருடமே காய்த்துவிட்டது, இந்த வருடம் நாற்பதுக்குக் கிட்ட, பெரிய காய், அயலுக்கெல்லாம் கொடுத்தோம். ஆகவே பழக் கணக்கில் கடைக்கன்று ஒரு வருடம் முந்தி நிற்கிறது. ஒட்டாமல் விட்ட விதைமா பத்தடிக்கு வளர்ந்து நிற்கிறது, பூ என்ற பேச்சே இல்லை.

மூன்றுக்கு மூன்று என்ற கணக்கை வைத்து நான் சட்டம் எழுதமுடியாது. எங்கள் வளவு விசுவமடுப் பக்கம், சிவந்த மணல்மண், வேர் தடையில்லாமல் இறங்கும். மன்னார்ப் பக்கத்துக் களிமண்ணில் எப்படி என்று அங்கே வைத்தவர்கள்தான் சொல்லவேண்டும். குழாய்க்கிணறும் சோலர் மோட்டரும் சொட்டுநீர்க் குழாயும் உள்ளவருக்கு நான் எழுதியதில் பாதி தேவையே இல்லை, அவர் போய் ஒட்டுக்கன்றையே வாங்கட்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் அப்படியே. வாங்குகிறபோது உயரத்தைப் பார்த்து மயங்காமல் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஓட்டையால் தடித்த வேர் வெளியே வந்திருந்தால், எவ்வளவு கழிவு என்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டுப்போட்ட நாடா தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிடுங்கள்.

விதை வழிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது: பழக்காலம் ஆனி, ஆடி, மழை வருவது ஐப்பசி. கொட்டையை மழை வரும்வரை எடுத்துவைக்க முடியாது, சில கிழமையில் உள்ளே பருப்பு காய்ந்து முளைக்கும் சக்தி போய்விடும். தின்ற கையோடு ஓட்டைப் பிரித்துப் பருப்பை எடுத்துக் குழியில் வைத்து, மழை வரும்வரை நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவேண்டும். அம்மா அதை முகம் கழுவுகிற தண்ணீரிலேயே முடித்துக்கொண்டார், காலையில் கிணற்றடியில் நிற்காமல் செம்போடு தெற்கு வளவுக்குப் போய் மாங்குழிக்கு மேல் முகம் கழுவுவார்.

இந்த வருடமும் பதாகை ஏறிவிட்டது. நான் போனேன், இரண்டு தேசிக்கன்றும், மச்சான் சொன்ன ஒட்டுக்கத்தி அங்கே இருந்ததால் அதில் ஒன்றும் வாங்கினேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு அம்மா வழக்கம்போல வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றி, கிணற்றடியிலும் எருக்கும்பியிலும் பந்தம் குத்துவார், போன வருடத்திலிருந்து மாங்குழிகளுக்கும் ஒவ்வொன்று. தை பிறந்ததும் பத்தடி மரத்தை இடுப்பளவுக்கு வெட்டி, வருகிற துளிரில் ரி.ஜே.சி. கொப்பை ஒட்டலாம் என்று இருக்கிறேன். நல்லாய் நிற்கிற மரத்தை வெட்டுவதற்கு அம்மாவின் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை.