ஆல்பாவா, மறுசோதனையா? சுகாதார எழுத்தறிவுக் கேள்வித்தாளை எதை வைத்து நம்புவது

மருந்துச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்வது, மருத்துவர் சொன்னபடி நடந்துகொள்வது மாதிரியான திறனை, அதாவது சுகாதார எழுத்தறிவை, பெரியவர்களிடம் அளக்கும் கேள்வித்தாள் எதை எடுத்தாலும், "நம்பகத்தன்மை நன்றாக உள்ளது" என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 0.9 சொச்சம் என்று ஓர் எண். பெரும்பாலும் அது கிரான்பாக் ஆல்பா, அதாவது கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 1ஐ உச்சமாக வைத்துச் சொல்லும் எண். 1951இலிருந்து இதற்குத்தான் மவுசு, ஏனென்றால் ஒரே தடவை வாங்கிய பதில்களை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். மறுசோதனை என்றால் அதே ஆட்களை இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பிடிக்க வேண்டும், அதில் எத்தனை பேர் போனை எடுப்பார்கள் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சுலபமானது என்பதற்காக ஆல்பாவை அப்படியே நம்பிவிட முடியாது. கேள்விகளுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கேள்வி என்றால் ஆல்பா 0.6, அதே தொடர்போடு 47 கேள்வி என்றால் 0.92! கேள்விகள் தேறவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. 47 என்று சும்மா சொல்லவில்லை, ஐரோப்பாவில் உருவான எச்எல்எஸ்-ஈயூ கேள்வித்தாளின் நீளமே அதுதான். ஒவ்வொன்றுக்கும் 'மிகவும் எளிது' முதல் 'மிகவும் கடினம்' வரை நான்கு கட்டங்கள். பத்துப் பதினைந்து கேள்வி தாண்டியதும் அலுத்துப்போய், 'எளிது' கட்டத்திலேயே மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டு போகிறவரை நினைத்துப் பாருங்கள். படிக்காமலே பதில் சொல்கிறார், ஆனால் பதில்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்துவதால் இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்தாலே ஆல்பா ஏறிவிடும்.

மறுசோதனையிடம் அந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது, அடுத்த முறை அவர் வேறு கட்டத்தைப் பிடித்துக்கொண்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். ஆனால் அதற்கும் நோய் உண்டு. 2005இல் வந்த நியூயஸ்ட் வைட்டல் சைன் தேர்வில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து விவர லேபிளைக் கையில் கொடுத்து 6 கேள்வி கேட்பார்கள். இரண்டாம் முறை அதே லேபிள், அதே கணக்கு, விடை நினைவில் இருந்தால் போச்சு. மாதக்கணக்கில் இடைவெளி விட்டாலோ, நடுவில் ஆளே நிஜமாகக் கற்றுக்கொண்டிருப்பார், அதைப் போய்க் கருவியின் பிழை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பொறி, இரண்டு முறை மதிப்பெண்களுக்கும் சாதாரண ஒட்டுறவு எண்ணை (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்ப்பதை) போட்டுவிட்டு முடித்துக்கொள்வது. எல்லோருக்கும் சரியாக 5 மதிப்பெண் கூடியிருந்தாலும் அது 1, அதாவது முழுப் பொருத்தம், என்றே காட்டும். ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் ஐசிசி எண், அதிலும் மதிப்பெண் அப்படியே ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் வகையைப் போட்டால்தான் அந்த 5 வெளியே தெரியும்.

கேள்விகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவது பழைய முறை, எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும், விடுங்கள். ஆல்பா மாதிரியே பதில்களின் பொருத்தத்தை அளக்கும் இன்னோர் எண் ஒமேகா, அது ஆல்பாவைவிட நியாயமானது, எல்லாக் கேள்வியும் சம எடை என்று அது பிடிவாதம் பிடிக்காது. ஆனால் அதுவும் ஒரே நாள் பதில்தான்.

என்னைக் கேட்டால், எச்எல்எஸ்-ஈயூ மாதிரி 'எனக்கு எளிது, கடினம்' என்று தானே சொல்லும் சுயமதிப்பீட்டு வகைக் கேள்வித்தாளுக்கு ஒரு சின்னக் குழுவிடமாவது மறுசோதனை, கூடவே ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனியாக ஒமேகா. ரீயல்ம் மாதிரி 66 மருத்துவச் சொற்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் தேர்வு என்றால், முதலில் இரண்டு பேரை உட்காரவைத்துத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் சரி என்று விட்ட உச்சரிப்பை மற்றவர் தப்பு என்கிறாரா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற கணக்கெல்லாம்.